எலும்பு விரும்பும் சொரசொரப்பு

டைட்டானியத்தை எலும்பு ஏற்றுக்கொள்வதற்கு முதன்மைக் காரணம், காற்றுப் பட்டவுடன் அதன்மீது தானாகப் படரும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலமாகும். அதனால் எலும்புச் செல்கள் உண்மையில் தொடுவது உலோகத்தை அன்று, இப்படலத்தையே. சுவீடனின் கோதன்பர்க்கில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளியின் தாடையில் பதித்த பல் உள்வைப்புகள், கடைசல் இயந்திரத்தில் கடையப்பட்டு, ஏறத்தாழ வழவழப்பாகவே விடப்பட்ட திருகுகள். எலும்பு அவற்றோடு இறுகப் பிணைந்தது. ஆயினும் அம்முறையில் செயற்கைப் பல்லைப் பொருத்தக் கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதமும் காத்திருப்பது வழக்கமாயிற்று.

இக்காத்திருப்பைச் சுருக்கவே மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறைகள் பெருகின. 1990களின் இறுதியில் பரவிய முறையில், 0.25 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள அலுமினா துகள்களை அழுத்தக் காற்றால் வீசிப் பெருங்குழிகளை உண்டாக்கி, பின்னர் சூடான ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் அமிலக் கலவையில் அமிழ்த்தி அவற்றினுள் நுண்குழிகளை அரிக்கின்றனர். காயத்தில் உறையும் குருதியின் ஃபைப்ரின் இழைகள் இக்குழிகளைப் பற்றிக்கொள்ள, எலும்பாக்கும் செல்கள் அவ்விழைகள் வழியே வந்து உள்வைப்பின்மீதே எலும்பைப் படியவைக்கின்றன. நல்ல எலும்பில் காத்திருப்பு 6 வாரமாகக் குறைந்தது இதனால்தான். மேல்தாடையின் பின்பகுதி போன்ற மென்மையான எலும்பில் இதன் பயன் மறுக்க முடியாதது.

குறை, காலம் செல்லச் செல்லவே தெரிகிறது. உள்வைப்பின் கழுத்தருகே எலும்பு தேய்ந்து சொரசொரப்பான பகுதி வெளிப்பட்டால், செல்களுக்கு இடமளித்த அதே குழிகள் பாக்டீரியாக்களுக்கும் புகலிடமாகின்றன. வழவழப்பான உலோகத்தைச் சுரண்டித் துடைப்பதுபோல் அவற்றைத் துடைத்தெடுக்க முடிவதில்லை. மிகுந்த சொரசொரப்பை அளித்த பிளாஸ்மா தெளிப்புப் பூச்சு வழக்கொழிந்து, சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை இருத்தலே ஏற்றது என்ற கருத்து வலுப்பெற்றதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம். உலோகக் கலவைகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு: 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியம் கீறல்களால் எளிதில் வலுவிழப்பது; ஆதலால் ஆழமான குழி ஒவ்வொன்றும், திரும்பத் திரும்ப விழும் சுமையில் விரிசல் தொடங்கும் இடமாகக்கூடும்.

மேற்பரப்புகளை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்து உள்வைப்பைத் திருகிக் கழற்றத் தேவையான விசையைச் சில வாரங்களில் அளந்து முடிவு கூறுவதே இத்துறையின் பெருங்குறை எனலாம். உள்வைப்பைச் சூழும் அழற்சி நோயோ பல ஆண்டுகளில் முற்றுவது. பிரோனமார்க்கின் முதல் நோயாளி 2006இல் இறக்கும்வரை, அதாவது 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த வழவழப்பான திருகுகள் அவர் தாடையில் நிலைத்திருந்தன. கழுத்தை வழவழப்பாக விட்டு, எலும்பினுள் புதையும் பகுதியை மட்டும் சொரசொரப்பாக்கும் கலப்பு வடிவம் விரைவான பிணைப்பு, எளிதான தூய்மை ஆகிய இரு தேவைகளையும் ஓரளவு கருத்திற்கொள்கிறது. வழவழப்பும் சொரசொரப்பும் சந்திக்கும் எல்லைக்குக் கீழே எலும்பு இறங்காதவரை.