துண்டுப்பிரசுரமும் தன்வரலாறும்: நியூமனின் ‘அப்போலோஜியா’ பற்றிய ஒரு நோக்கு

ஜோன் ஹென்றி நியூமன் (1801–1890) என்னும் பெயர் நம் பல்கலைக்கழக மாணவர்க்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கல்வி பற்றி அவர் 1852இல் டப்ளினில் ஆற்றிய விரிவுரைகள் வாயிலாகவே அறிமுகமாகின்றது. அதனால் அவரை அமைதியான கல்விச் சிந்தனையாளர் ஒருவராகக் கொள்ளும் வழக்கமும் ஏற்பட்டுவிட்டது. ஆனால் நியூமன் என்னும் எழுத்தாளரை உருவாக்கியது துண்டுப்பிரசுரமே. அவருடைய தலைசிறந்த உரைநடை நூலெனப் போற்றப்படும் ‘அப்போலோஜியா புறோ விற்றா சுவா’வும் முதலில் வாரந்தோறும் வெளிவந்த பிரசுர வரிசையேயாம். இவ்வுண்மையை மறந்து அந்நூலைப் பயில்வோர் அதன் உயிர்நிலையைத் தவறவிடுகின்றனர் என்பது என் கருத்து.

நியூமன் இலண்டனில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தந்தையாரின் வங்கி 1816இல் முறிவுற்றது. அவ்வாண்டிலேயே, பதினைந்து வயது மாணவனாயிருந்த அவருக்கு முதன்முதலாக ஆழ்ந்த சமய அனுபவம் ஏற்பட்டது. பின்னர் ஒக்ஸ்போர்ட் சென்று, 1822இல் ஓரியல் கல்லூரியின் உறுப்பினராகி, 1825இல் அங்கிலிக்கன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்று, 1828இல் பல்கலைக்கழகத் தேவாலயமான புனித மரியாள் ஆலயத்தின் பங்குக் குருவானார். இதுவரையும் அவர் வாழ்வு திறமை மிக்க இளங்குரு ஒருவரின் வாழ்வே. வேறு பலருக்கும் அமைந்ததுதான்.

திருப்பம் 1833இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு சிசிலித் தீவில் தனியே பயணஞ் செய்கையில் கடுங்காய்ச்சலுற்று இறப்பின் விளிம்புவரை சென்றார். தமக்கு இங்கிலாந்தில் ஆற்றவேண்டிய பணியொன்று உண்டென்ற உறுதி அப்போது அவரைப் பற்றிக்கொண்டது. நாடு திரும்பிய சில நாட்களில், யூலை 14ஆந் திகதி, நண்பர் ஜோன் கீபிள் ஒக்ஸ்போர்டில் ஆற்றிய பிரசங்கம் திருச்சபையின் உரிமைகளில் அரசு தலையிடுவதைக் கண்டித்தது. செப்ரெம்பர் 9ஆந் திகதி ‘காலத்திற்கான துண்டுப்பிரசுரங்கள்’ என்னும் வரிசை தொடங்கிற்று. முதலாவதை எழுதியவர் நியூமன். அது நான்கே பக்கங்களைக் கொண்டது, ஆசிரியர் பெயரற்றது, குருமாரை முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டது. இவற்றைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு, குதிரையேறி, நாட்டுப்புறக் குருமனைகளுக்குத் தாமே கொண்டுசென்று கொடுத்தார் நியூமன். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துக் கண்டனப் பிரசுரங்களை அறிந்தோர்க்கு இவ்வேகம் புதியதன்று.

அம்முதற் பிரசுரத்தின் நடை ஊன்றி நோக்கத்தக்கது. தம்மைக் குருமாருள் ஒருவராக மட்டும் அறிமுகஞ் செய்துகொண்டு, பெயரைச் சொல்லாமைக்கும் காரணங் காட்டி, ‘நான்’ எனப் பேசத் தொடங்குகின்றார் ஆசிரியர். வாக்கியங்கள் குறுகியவை, வினாக்கள் அடுக்கடுக்காக வருகின்றன. குருத்துவத்தின் அதிகாரம் எங்கிருந்து வந்தது, அரசு கைவிட்டாற் குருவுக்கு எது துணை என்று அந்த ‘நான்’ கேட்கின்றது. அது முகமற்ற ‘நான்’. கட்டளையிடும், தன் ஐயத்தைக் காட்டாது. ஒரு மனிதர் தம் நம்பிக்கையிற் புதிதாகக் கண்ட உறுதியை உரத்துச் சொல்லும்போது இத்தகைய நடை வாய்ப்பது இயல்பே.

பின்னர் இவ்வரிசை தன் வடிவத்தையே இழந்தது. பியூசி இணைந்தபின் பிரசுரங்கள் ஆய்வேடுகளாகப் பருத்தன. 1841இல் வெளிவந்த தொண்ணூறாவது பிரசுரத்தில், அங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்குக் கத்தோலிக்கப் பொருள் கொள்ள இடமுண்டென நியூமன் வாதித்தார். பல்கலைக்கழகத் தலைவர்கள் கண்டித்தனர், ஒக்ஸ்போர்ட் ஆயர் வரிசையை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார், அது நின்றது. 1843இல் நியூமன் தம் பங்கைத் துறந்தார். 1845 ஒக்ரோபர் 9ஆந் திகதி, லிற்றில்மோரில், இத்தாலியத் துறவியொருவர் கையாற் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்கப்பெற்றார்.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவரை இரு சாராரும் ஐயுற்றனர். 1864 சனவரியில் மக்மிலன் சஞ்சிகையில், நாவலாசிரியரும் கேம்பிறிட்ஜ் வரலாற்றுப் பேராசிரியருமான சார்ள்ஸ் கிங்ஸ்லி, நூல் மதிப்புரை ஒன்றினிடையே, உண்மையை உண்மைக்காகவே பேணுதலை உரோமன் குருமார் ஓர் அறமாகக் கொண்டதில்லை என்று எழுதி, நியூமனைச் சான்றாகக் காட்டினார். கடிதங்கள் பரிமாறப்பட்டன, கிங்ஸ்லி தனிப் பிரசுரமொன்றையே வெளியிட்டார். இதற்கு மறுமொழியாகவே ஏப்பிரில் 21 முதல் யூன் 2 வரை ஏழு வியாழக்கிழமைகளில் ஏழு பகுதிகள் வெளிவந்தன; யூன் 16இல் அநுபந்தம் வந்தது. ஒரே மூச்சிற் பதினாறு மணி நேரம் எழுதியதாகவும், எழுதும்போது கண்ணீர் விட்டதாகவும் அக்காலக் கடிதங்களிற் கூறியுள்ளார். ஒரு பகுதி அச்சேறும்போதே அடுத்தது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

இங்கேதான் முப்பத்தோராண்டு இடைவெளியின் பயன் புலனாகின்றது. 1864இன் ‘நான்’ பெயருடைய ‘நான்’. பழைய அங்கிலிக்கன் நண்பரிடம் தம் பழங் கடிதங்களைக் கேட்டுப் பெற்று, திகதியிட்டு, தமக்குப் பாதகமானவற்றையும் சேர்த்து முன்வைக்கின்றார். 1839 கோடையில் ஐந்தாம் நூற்றாண்டுச் சமயப் பிணக்கொன்றை ஆராய்கையில், தாம் நிற்கும் நிலை அக்காலத் திரிபுக்கொள்கையாளரின் நிலையே என்று கண்டு திடுக்கிட்டதை அவர் விவரிக்கும் இடம் வாதமன்று. ஒரு மனம் தன் உருவைக் கண்ணாடியிற் காணும் காட்சி. வாக்கியங்கள் நீண்டுவிட்டன. ஒரு கூற்றை வைத்து, அதனை வரையறுத்து, மீண்டும் திருத்தி, தயங்கித் தயங்கி முன்செல்கின்றன. அத்தயக்கம் அலங்காரமன்று. அடுத்த வியாழன் நெருங்க, பிழை சொன்னால் மறுக்கும் நண்பர் உயிரோடிருக்க எழுதுபவனுக்கு வாய்க்கும் எச்சரிக்கை அது.

ஆயினும் நூல் முழுதும் திறந்த மனமென்று கொள்ளல் தவறு. 1828 தொடக்கத்தில் இளைய தங்கை மேரியின் மரணம் அவரை உலுக்கியது. நூலிலோ அது நோயும் இழப்பும் என்ற இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றது. சிசிலி நோய் பற்றித் தனிமையிற் பல ஆண்டுகளாக எழுதி வைத்த நீண்ட குறிப்பில் உள்ள நடுக்கமும் தன்வெறுப்பும் இங்கு மெலிந்துவிடுகின்றன. தலைப்பிலேயே தம் சமயக் கருத்துக்களின் வரலாறு என்று எல்லை வகுத்துக்கொண்டமையால் இதனைக் குறையெனச் சிலர் ஒப்பார். எனக்கோ அது குறையாகவே படுகின்றது. கருத்து மட்டும் மதம் மாறுவதில்லை.

கிங்ஸ்லி கூறியது அநீதி; அதில் ஐயமில்லை. ஆனால் அவர் குளறிக் கேட்ட வினாவுக்குள் நேரிய வினா ஒன்று புதைந்திருந்தது. 1839இலேயே அடித்தளம் ஆடிய ஒருவர், 1843வரை அதே பிரசங்க மேடையில் நின்றது எவ்வாறு? மனத்தில் முதிராத ஐயத்தைச் சபையோருக்குச் சொல்வது நேர்மையா, சொல்லாது காப்பது நேர்மையா? நியூமன் இதற்கு நியாய விளக்கம் தரும் பக்கங்கள் என்னைத் திருப்தி செய்யவில்லை. ஆனால் ஐயம் எந்த மாதத்தில் எந்த அளவு முதிர்ந்திருந்தது, அப்போது யாருக்கு என்ன எழுதினார் என்பதை மறைக்காது வைத்தமையால், அவரைக் குற்றஞ்சாட்ட விரும்புவோர்க்கு வேண்டிய சான்றையும் அவரே தந்துவிடுகின்றார். பொய்யர் அதனைச் செய்யார்.

1865ஆம் ஆண்டுப் பதிப்பில் கிங்ஸ்லியை நேரே தாக்கிய முதலிரு பகுதிகளும் நீக்கப்பட்டன. அநுபந்தத்தில் எதிராளியின் ‘கறைகள்’ என ஒன்று, இரண்டு என்று எண்ணி முப்பத்தொன்பதில் நிறுத்திய குறும்பும் அவ்வடிவில் எஞ்சவில்லை. (கோட்பாடுகளும் முப்பத்தொன்பதே என்பதை அக்கால வாசகர் கவனித்துச் சிரித்திருப்பர்.) நூல் கண்ணியம் பெற்றது, அதே வேளையில் எதற்காக ஒரு முதிய குரு தம் நெஞ்சைப் பொதுவில் திறந்தார் என்னும் சூடு தணிந்தது. ஒக்ஸ்போர்டை 1846 பெப்ரவரியில் விட்டு நீங்கியதையும், மாணவப் பருவத்தில் தம் அறைக்கு எதிர்ச்சுவரில் வளர்ந்த பூச்செடியையும், பின்னர் புகைவண்டியிலிருந்து மட்டும் அந்நகரின் கோபுரங்களைக் கண்டதையும் கூறும் பகுதி, சினத்தோடு தொடங்கிய நூலின் பிற்பகுதியில் வரும்போதுதான் முழுவலிமையும் பெறுகின்றது. சினத்தை நீக்கியபின் அது வெறும் ஏக்கமாகிவிடும் ஆபத்துண்டு.

இன்று பரவலாகக் கிடைக்கும் மலிவுப் பதிப்புகள் பல 1865ஆம் ஆண்டின் பாடத்தையே தழுவுகின்றன. இரு பாடங்களையும் ஒருங்கே தரும் வில்பிறிட் வாட்டின் 1913ஆம் ஆண்டுப் பதிப்பை நூலகங்களில் தேடிப் பெறும் மாணவர், முதலில் வியாழக்கிழமைப் பகுதிகளை அவை வெளிவந்த வரிசையிலேயே படித்து, பின்னர் திருத்திய பாடத்திற்குச் செல்வது நன்று.