கூட்டப் பெயர் ஏன் குடும்பப் பெயர் ஆகவில்லை?

கொங்கு நாட்டு அருள்புரத்துச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இங்கிலாந்தின் வாக்காளர் பட்டியல் அவ்வளவு அந்நியமாக இருக்காது. டயர், லிஸ்டர் இருவரும் சாயமிட்டவர்களின் வாரிசுகள். வெப், வெப்ஸ்டர் நெசவாளர் வழி. கம்பளித் துணியை நீரில் மிதித்து இறுக்கிய ஒரே வேலைக்கு மூன்று பெயர்கள் உண்டு. வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். 1381இல் நார்ஃபோக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஜெஃப்ரி லிட்ஸ்டர் உண்மையிலேயே சாயக்காரர். அதாவது அப்போதுகூடச் சிலருக்குப் பெயரும் தொழிலும் பிரியவில்லை. 1377, 1379, 1381 ஆண்டுகளில் தலைவரி வசூலிக்க ஆள் ஆளாகப் பட்டியல் எழுதினார்கள். சுமார் 1400க்குள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் தந்தையின் பெயர் மகனுக்கும் தொடர்ந்தது. வரி ஒன்றே இதற்குக் காரணம் அல்ல, நில வாரிசுரிமையும் சேர்ந்தது. ஆனால் இரண்டுமே ஏட்டில் எழுதும் காரியங்கள். குடும்பப் பெயரைக் குலப்பெருமையைவிட ஏடுதான் அதிகம் வளர்த்தது என்பது என் கருத்து.

கொங்கு நாடு இக்கருத்தை மறுப்பதுபோலத் தோன்றும். ஏறக்குறைய அதே நூற்றாண்டுகளில் இங்கும் பரம்பரைப் பெயர் இருந்தது, அதுவும் கல்லில். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஒரு வெள்ளாளரைக் குறிக்கும்போது சாத்தந்தைகளில் இன்னார், பொருளந்தைகளில் இன்னார் என்று கூட்டம் எனப்படும் குலப்பிரிவை முதலில் சொல்லி, ஆளின் பெயரைப் பிறகு சொல்கின்றன. அப்படியிருந்தும் பட்டாவில் கூட்டப் பெயர் ஏறவில்லை. காரணம் எளியது. ஒரு கூட்டத்தின் காணியூரில் நிலம் வைத்திருந்தவர்களில் பலர் பங்காளிகளே. கோயிலுக்கு விளக்கு வைத்த ஒருவரை வெளியூராருக்கு அடையாளம் காட்டக் கூட்டம் உதவும். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருவரைப் பிரித்துக் காட்ட உதவாது. ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு உழவரிடமும் நேரே தீர்வை வாங்கியபோது அதற்குத் தேவைப்பட்டது அந்தப் பிரிப்புதான். தகப்பன் பெயர் அதைச் செய்தது. கூட்டப் பெயருக்கு வேறு வேலை இருந்தது. யார் வீட்டில் பெண் எடுக்கலாம், எந்தக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்பதை அது சொன்னது. அந்த வேலையை இன்றும் கைவிடவில்லை.

சுயமரியாதை இயக்கம்தான் தமிழர் பெயரின் வாலை வெட்டியது, அதில் கூட்டப் பெயரும் போயிற்று என்பார்கள். ஆனால் அவ்வியக்கத்தின் 1929 செங்கல்பட்டு மாநாடு கைவிடச் சொன்னது முதலியார், கவுண்டர் போன்ற சாதிப் பட்டங்களை. பட்டத்தை விடாதவர்களிலும் ஓதாளர் என்றோ பனங்காடை என்றோ கூட்டப் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திட்டவர்கள் அரிது. இல்லாத வாலை யார் வெட்டுவது? இன்னொரு மறுப்பு கனமானது. கூட்டம் ரத்த உறவு, ஸ்மித் வெறும் கொல்லன் என்ற வேறுபாடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஸ்மித் விஷயத்தில் சரி. ஆனால் யார்க்‌ஷயரின் கம்பளி வட்டாரத்தில் செறிந்திருக்கும் சைக்ஸ் என்ற பெயரை 2000இல் மரபணு வழி ஆராய்ந்தபோது, சோதிக்கப்பட்ட ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரே ஒய் குரோமோசோம் வகை இருந்தது. ஆங்கிலப் பெயருக்குள்ளும் பங்காளிகள் இருக்கிறார்கள். ரத்தம் இரண்டு பக்கமும் இருக்கலாம் என்றால், ஒன்று குடும்பப் பெயராகி மற்றது ஆகாமல் போனதற்கு ரத்தம் காரணமாக முடியாது.

இன்று பனியன் கம்பெனிகளின் வருகைப் பதிவேட்டில் ஒடிசாவிலிருந்து வந்தவர் தாந்தி என்ற நெசவாளர் பெயரோடு இருப்பார். அடுத்த வரியில் உள்ளூர்க்காரர் ஓர் இனிஷியலோடு இருப்பார். உள்ளூர்க்காரர் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் சிக்கல். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் பலர் அப்பாவின் பெயரை நிரப்புகிறார்கள். மகனின் பாஸ்போர்ட்டில் அதே கட்டத்தில் வேறு பெயர் வந்து நிற்கிறது. வேல்ஸ் மக்களும் இன்னார் மகன் இன்னார் என்றே வழங்கிவந்தவர்கள். 1536க்குப் பின் ஆங்கிலச் சட்டமும் நீதிமன்ற ஏடும் அங்கே நுழைய, எந்தத் தலைமுறையில் எழுதினார்களோ அந்தத் தலைமுறைத் தகப்பன் பெயர் மெல்ல மெல்ல அப்படியே உறைந்தது. ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ் அப்படிப் பெருகினார்கள். இதேபோல லண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமக்கத் தொடங்கிவிட்டார்கள்.