ரவி என்கிற தச்சன்

சோழர் காலக் கட்டடக்கலை பற்றித் தமிழில் வந்திருக்கும் புத்தகங்களில் பாதிக்குமேல் அரசர்களின் பட்டியல்கள்தான். ராஜராஜன் கட்டினான், ராஜேந்திரன் கட்டினான். ஒருத்தன் எத்தனை கல்லைத்தான் தூக்குவான்? வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில் இந்தச் சொல்லாடலைக் குலைத்துப்போடுகிற கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதர் சொற்படி, கருங்கல்லால் விமானம் எடுத்தவன் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்கிறது அது. தஞ்சைப் பெரிய கோயிலின் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனைப் போல இவனுக்கும் அரச வாடையடிக்கிற பட்டம் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் ‘ரவி’ என்ற சொந்தப் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது.

அவன் கட்டியது சதுரக் கோயில் இல்லை. தூங்கானை மாடம், அதாவது யானையின் பின்புறம் போலப் பின்சுவர் வளைந்தது. சதுரம் என்றால் மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்கலாம். வளைவில் அது உதவாது. முளையடித்து, கயிறு கட்டி, அரைவட்டம் போடவேண்டும். அதோடு முடிந்ததா? சோழர் கால அதிட்டானத்தில் ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒவ்வொரு வரியும் வேறுவேறு அளவுக்கு வெளியே நீளும், உள்ளே போகும். அப்படியானால் ஒவ்வொரு வரிக்கும் ஆரம் வேறு. கல்லின் வெளிமுகம் அந்த வளைவுக்கு இசைய வேண்டும், பக்கமுகங்கள் மையத்தை நோக்கிச் சரிய வேண்டும். சுவர் உயர உயர, தரையிலிருந்த மையத்தைத் தூக்குக்குண்டு பிடித்து மேலே கொண்டுபோக வேண்டும். செங்கல்லில் பிசகினால் சுண்ணாம்பை அப்பி மறைக்கலாம்; கருங்கல்லில் அந்தச் சமாதானம் செல்லாது. இத்தனையும் பாறையில்லாத கடலோர மணற்பூமியில். ‘தச்சன்’ என்ற பேரிலேயே மரவேலை இருக்கிறது பாருங்கள். வளைந்த கூரை மரத்திலும் மூங்கிலிலும் பிறந்த வடிவம். அதைக் கல்லுக்குள் கொண்டுவருவது ஒரு மொழிபெயர்ப்பு. இதைக் ‘கைவினை’ என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் வடிவியலுக்கு வேறு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

இதே கோயிலில் பின்னாளில் வியாகரணதான மண்டபம் என்று ஒன்று இருந்தது. பாணினியின் இலக்கணத்தை அங்கே உட்கார்ந்து விளக்கினார்கள். அதற்கு நிலமும் விட்டார்கள். இலக்கணம் கல்வி. அந்த மண்டபத்தின் தூணை நிறுத்திய அறிவு தொழில். தச்சர்களுக்கும் காணி கிடைத்தது, மறுக்கவில்லை. அது வேலைக்கான ஊதியம், கல்விக்கான கொடையில்லை.

இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள் என்பதற்கும் கல்வெட்டே சாட்சி. முதலாம் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டில், 1118 அளவில், இன்றைய திருச்சிப் பக்கம் ராஜாச்ரய சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் சாத்திரங்களைப் புரட்டி ரதகாரர் என்னென்ன தொழில் செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தேர் செய்யலாம், கோபுரம் எடுக்கலாம், மண்டபம் கட்டலாம். உளியைத் தொடாதவர்கள் உளிக்கு உரிமம் தருகிறார்கள்! கொங்குச் சோழர் கல்வெட்டு ஒன்று இன்னும் பச்சை. கன்மாளர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம், தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் அனுமதிக்கிறான். அனுமதி தேவைப்பட்டது என்பதுதான் செய்தி. ஊர்க் கோயிலுக்குச் சுதை பூசியவன் தன் வீட்டுச் சுவருக்குப் பூச உத்தரவு வாங்க வேண்டியிருந்திருக்கிறது.

ராம்ராஸ் எழுதிய இந்துக் கட்டடக்கலை பற்றிய கட்டுரை 1834இல் லண்டனில் அச்சானது. மானசாரம் முதலான ஏடுகளை அவர் புரட்டியபோது சமஸ்கிருதம் அறிந்தவர்களுக்குத் தொழில் தெரியவில்லை, தொழில் அறிந்தவர்களுக்கு ஏடு எட்டவில்லை. கடைசியில் தஞ்சாவூர்க் கம்மாளச் சிற்பி ஒருவர்தான் கலைச்சொற்களைப் புரியவைத்தார். அட்டையில் ராம்ராஸ் இருக்கிறார். சிற்பி ‘ஒருவர்’ ஆகவே நின்றுவிட்டார்.

அதற்காகப் பெருந்தச்சனைப் புதிய கதாநாயகன் ஆக்கிவிட வேண்டியதில்லை. அரசனை இறக்கிவிட்டு ஸ்தபதியை ஏற்றினால் பீடம் அப்படியேதான் இருக்கும். அந்த அறிவும் சாதிக்குள், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று பூட்டி வைக்கப்பட்டதுதான். கல்லை வெட்டியவர், இழுத்தவர், சாரம் கட்டியவர், மண் சுமந்த பெண் எல்லாரும் ரவியின் பெயருக்கு அடியில் புதைந்திருக்கிறார்கள். இன்றைக்கும் கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி. ‘சித்தாள்’ என்பது ஆளின் அளவா, கூலியின் அளவா? கலவையில் தண்ணி எவ்வளவு சேர்க்கணும் என்பது அவளுக்குத்தான் தெரியும். வண்ணாரப்பேட்டை லேத் பட்டறையில் சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கிவிட்டதென்று சொல்கிறவருக்கும் சான்றிதழ் கிடையாது.

தச்சர் பெயர்கள் கல்வெட்டுத் தொகுதிகளில் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. கொடை கொடுத்தவனைத் தேடுகிற கண்ணுக்கு அவை படுவதில்லை. பெயர், ஊர், என்ன கட்டினார், என்ன கொடுத்தார்கள் என்று யாராவது வரிசையாக எடுத்து எழுதினால் இந்தப் பத்திரிகை பக்கம் ஒதுக்கலாம். திருவொற்றியூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.