முதுமையை வரைய முடியுமா?

பள்ளி ஆண்டு விழாவில் தாத்தா வேடம் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். தலையில் பவுடரைக் கொட்டி, நெற்றியில் மையால் நான்கு கோடுகள் இழுத்து, ஓர் ஒட்டுத் தாடியையும் வைத்தால் தாத்தா தயார்! பத்தாவது வரிசையில் இருப்பவர் நம்பிவிடுவார். ஆனால் அருகில் சென்று பாருங்கள். பையன் சிரிக்கும்போது மைக்கோடு ஓரிடத்தில் நிற்கும். உண்மையான மடிப்பு வேறோரிடத்தில் விழும்.

மேடைக்கு இது போதும். முகத்தருகே வந்து நிற்கும் திரைப்படக் காமிராவை இப்படி ஏமாற்ற முடியுமா? இக்கேள்விக்கு நல்ல விடை தரும் படம், மிலோஷ் ஃபோர்மன் இயக்கி 1984-இல் வெளிவந்த ‘அமடியஸ்’. வியன்னா நகரில் 1823-ஆம் ஆண்டில், முதிய இசையமைப்பாளர் சாலியேரி ஒரு பாதிரியாரிடம் மோஸார்ட் மீது தான் கொண்ட பொறாமையைச் சொல்வதாகக் கதை. இளைய சாலியேரியாகவும் முதிய சாலியேரியாகவும் நடித்தவர் ஒருவரே: எஃப். மர்ரே ஆபிரகாம். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 43. அவரை எழுபதைத் தாண்டியவராக மாற்றியவர் டிக் ஸ்மித் (1922–2014) என்னும் அமெரிக்க ஒப்பனைக் கலைஞர். இப்படத்தின் ஒப்பனைக்காக அவருக்கும் பால் லெப்ளாங்க் என்பவருக்கும் 1985-இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

ஸ்மித்தின் வெற்றி எங்கே இருக்கிறது? அதை அறியுமுன் வயதான முகத்தில் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். மேல்தோலுக்குக் கீழே உள்தோல் இருக்கிறது. அதிலுள்ள கொலாஜன் நார்கள் தோலுக்கு உறுதியையும், எலாஸ்டின் நார்கள் மீள்தன்மையையும் தருகின்றன. வயதாக ஆக இவை நலிகின்றன. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இந்நலிவை விரைவுபடுத்துகின்றன. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு குறைந்து கன்னம் ஒட்டுகிறது, இமை தொங்குகிறது. முகத்தசைகள் சுருங்கும் திசைக்குக் குறுக்காக மடிப்புகள் விழுகின்றன. ஆக, முதுமை என்பது கோடு அன்று. முகத்தின் வடிவமே மாறுவது.

ஸ்மித் அந்த வடிவத்தைத்தான் மாற்றினார். நடிகரின் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் களிமண்ணால் முதுமையைச் செதுக்கி, அதற்கு வார்ப்பு செய்வது இம்முறை. ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்து அவ்வார்ப்பில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்தால் பஞ்சுபோன்ற மெல்லிய ‘தோல்’ கிடைக்கும். அதை ஒரே முகமூடியாக ஆக்காமல் பல துண்டுகளாகச் செய்து, ஒன்றன் ஓரம் மற்றொன்றின் மேல் படியுமாறு ஒட்டும் முறையைப் பரப்பியவர் ஸ்மித்தே. துண்டுகள் தனித்தனியாக அசைவதால் நடிகரின் தசையசைவு வெளியே தெரிகிறது. படத்தில் சாலியேரி பாதிரியாரைப் பார்த்துக் குறும்பாகச் சிரிக்கும் இடங்களைக் கவனியுங்கள். கன்னமும் வாயோரமும் சேர்ந்தே மடிகின்றன. மைக்கோடு தோற்ற இடத்தில் இந்த ரப்பர் வென்றுவிடுகிறது.

குறையும் சொல்லாவிட்டால் அது விமரிசனம் ஆகாது. உயிருள்ள தோலுக்குள் ஒளி சிறிது நுழைந்து, சிதறி, வெளியே வருகிறது. நுரை ரப்பர் ஒளியை உள்ளே விடாது. எத்தனை நிறங்களைப் புள்ளி புள்ளியாக வைத்தாலும், மிக அண்மைக் காட்சிகளில் கன்னம் சற்று வறண்டே தெரிகிறது. சாலியேரி உணர்ச்சிவசப்படும்போதும் அதில் இரத்தம் ஏறுவதில்லை. பின்னாளில் ஒளியை ஓரளவு உள்ளே விடும் சிலிக்கோன் இக்குறையைப் பெரிதும் போக்கியது.

ஸ்மித் இதையெல்லாம் எங்கே கற்றார்? யேல் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவராகும் எண்ணத்துடன் படித்தபோது, ஒப்பனை பற்றிய ஒரு நூல் அவர் கையில் கிடைத்தது. அதைக் கொண்டு தன் முகத்திலேயே பழகினார். தாம் கற்றதை மறைக்கவும் இல்லை. வீட்டுப் பொருள்களைக் கொண்டே பூதமுகம் செய்யச் சிறுவர்களுக்காக 1965-இல் ஒரு கையேடு எழுதினார். அஞ்சல்வழிப் பாடமும் நடத்தினார். அவருக்குக் கடிதம் எழுதிய ரிக் பேக்கர் என்ற இளைஞர் அவரிடம் தொழில் நுட்பம் அறிந்தார். பின்னர் ஒப்பனைக்கான ஆஸ்காரை ஏழு முறை பெற்றார். பிறர் திறமை கண்டு வெந்த சாலியேரியின் முகத்தை, பொறாமையற்ற ஓர் ஆசிரியர் உருவாக்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஒப்பனை கற்க விரும்பும் மாணவ நண்பர்களே, எந்த நிறம் எங்கே என்று மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். முதலில் தோலைக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தவர் முகம் உங்கள் கையில் ஒப்படைக்கப்படுகிறது. ரப்பர்ப் பாலிலுள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். சிலருக்கு மூச்சுத் திணறலே உண்டாக்கலாம். அதனால் ரப்பர் ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள். எந்தப் பசையையும் முன்னங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஓரிரு நாள் பார்த்த பிறகே முகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். ஒட்டியதை இழுத்துப் பிய்க்காதீர்கள். உரிய எண்ணெயோ கரைப்பானோ கொண்டு மெல்லக் கழற்றுங்கள்.

பிறகு உங்கள் பாட்டி பேசும்போது அவர் முகத்தை நிதானமாகப் பாருங்கள். எந்த மடிப்பு எப்போது விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.