ட்ரைப்பின் மதுரையும் ஆளில்லாத வெளியும்

கப்பலூரில் நாற்கரச் சாலையின் ஓரமாக நின்று வடகிழக்கே நோக்கினால், தொழிற்பேட்டையின் கூரைகளுக்கு அப்பால் திருப்பரங்குன்றத்து மலை தெரிகிறது. அந்த மலையையும், அதைச் சூழ்ந்த வெட்டவெளியையும் பலமுறை பார்த்துப் பழகிய கண்களோடுதான், லின்னேயஸ் ட்ரைப் என்னும் ஆங்கிலப் படைத் தலைவர் 1858ஆம் ஆண்டில் எடுத்த மதுரைப் படங்களை நாம் பார்க்கத் தொடங்கினோம். அழகில் மயங்கினோம், பின்னர் ஓர் உறுத்தலும் தோன்றிற்று.

ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்டவர். அதற்கு முந்திய ஆண்டில் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்துப் பெயர் பெற்றிருந்தார். 1857 டிசம்பரில் புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். அக்காலத்துக் கேமரா இன்றைய கைப்பொருளன்று. தச்சர் கையால் இழைத்த பெரிய மரப்பெட்டி அது. நெகடிவைப் பெரிதாக்கிப் பதிக்கும் வழக்கம் அன்று இல்லை. தாளின் மேல் நெகடிவை ஒட்ட வைத்து வெயிலில் காட்டியே படம் எடுத்தார்கள். ஆகவே படம் எத்தனை பெரிதோ, பெட்டியும் அத்தனை பெரிதாக இருந்தாக வேண்டும். ட்ரைப் பயன்படுத்தியது கண்ணாடியன்று, காகித நெகடிவ். ஈரம் காய்வதற்குள் கழுவியாக வேண்டிய கண்ணாடித் தகட்டைவிட, மெழுகு ஊட்டிய காகிதம் நமது வெயிலுக்குப் பொறுமையானது. முன்னதாகவே பக்குவம் செய்து கொண்டு செல்லலாம்.

இருட்டறைக்குள் சிறு துளை வழியே நுழையும் ஒளி வெளியுலகைத் தலைகீழாக வரையும் விந்தையை, பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரகணப் பிறையை வைத்து ஆராய்ந்தார் என்பதை நம் வாசகர் அறிவர். ட்ரைப்பின் மரப்பெட்டி அந்த இருட்டறையின் பேரப்பிள்ளை எனலாம்.

மதுரைத் தொகுதியில் கோயிலும் அரண்மனையும் மிகுதி. நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து செப்பனிடுவதற்கு முன், திருமலை நாயக்கர் மகால் சிதைந்து நின்ற கோலத்தை அவற்றில் காண்கிறோம். முஸ்லிம் கட்டடக்கலையின் சாயல் படிந்த அந்த வளைவுகளை அவர் கண் அளந்து எடுத்திருக்கிறது. எனினும் நம் உள்ளத்தில் நிற்பவை நிலக்காட்சிகளே. வைகையையும் அதன் குறுக்கே நகருக்குச் செல்லும் பாலத்தையும் காட்டும் படம் ஒன்று. யானைமலையை அதன் ஒரு முனையிலிருந்து காட்டும் படம் மற்றொன்று. மேலூர்ச் சாலையில் போகும்போது நாம் ஜன்னல் வழியே அரைநோட்டம் விடும் அந்தப் பாறை, இப்படத்தில் மூச்சுவிடும் பிராணி போலக் கிடக்கிறது. தொகுதியிலேயே சிறந்தது இதுவே என்பது நம் துணிபு. கோபுரங்களின் படங்களில் அரசாங்கக் குறிப்பேட்டின் வாடை இருக்கிறது. இதில் ஒரு மனிதர் நின்று பார்த்த பார்வை இருக்கிறது.

ட்ரைப் மேல் சாட்டப்படும் குற்றம் ஒன்றுண்டு. சில நெகடிவ்களில் மேகங்களையும் இலைகளையும் அவர் வண்ணத்தால் தீட்டிச் சேர்த்தார். நாம் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அக்காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு மட்டுமே மிகுதியாக இணங்கியதால் வானம் வெறுமையாகவோ திட்டுத்திட்டாகவோ வரும். பச்சை இலை கருத்துப் போகும். கருவி தவறவிட்டதைக் கை ஈடுசெய்தது, அவ்வளவே.

நாம் மன்னிக்கத் தயங்குவது வேறொன்றை. இந்தப் படங்களில் மக்கள் எங்கே? விளக்குத்தூணைப் படமெடுத்திருக்கிறார். கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த தூண் அது. இன்று பெருநாள் துணி எடுக்கப் போகும் குடும்பங்கள் தோள் உரசாமல் நடக்க முடியாத அந்த இடம், அவர் படத்தில் ஓசையற்ற வெளியாக நிற்கிறது. நெடுநேரம் ஒளி விழவேண்டிய கேமராவில் நடந்து போகிறவர் பதிவதில்லை என்று விடை சொல்வார்கள். உண்மையே. ஆனால் அரை விடை. கூப்பிட்டு நிறுத்தினால் மனிதர் நிற்பார். 1857இன் கிளர்ச்சி அடங்காத காலத்தில், கம்பெனிப் படையின் அதிகாரி ஒருவர் கட்டடங்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனதில் கருவியின் குறையோடு கண்ணின் தெரிவும் கலந்திருக்கிறது.

இதை இன்று ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். ஆளில்லாத மலை என்ற நினைப்பு படத்தோடு நிற்கவில்லை. மேலூர்ப் பகுதிக் குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட முறைகேட்டை அன்றைய ஆட்சியர் சகாயம் 2012இல் அறிக்கையாக அளித்தபோதுதான் நாடு திடுக்கிட்டது. அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விடப்பட்ட ஏலம் மக்கள் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் ரத்தானது. அந்த மலைகளின் அடியில் ஊரும் கண்மாயும் மேய்ச்சலும் இருந்தன. தொலைவிலிருந்து வரைபடத்தில் பார்த்தவர்க்கு அவை வெறும் கல்லாகவே தெரிந்தன.

ட்ரைப்பின் துறையை 1859இல் ஆளுநரான சார்லஸ் ட்ரெவெலியன் வீண் செலவென்று கருதி மூடிவிட்டார். அத்துடன் அவருடைய படவாழ்வும் ஏறக்குறைய முடிந்தது. 2014இல் வாஷிங்டனிலும், பின்னர் லண்டனிலும் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தக் காட்சிகளைக் காண மதுரைக்காரர் கடல் தாண்ட வேண்டியிருந்தது. இது நம்முடைய வருத்தம்.

மரப்பெட்டி, மடிப்புத் துருத்தி, தேய்த்த கண்ணாடி, ஒரு லென்ஸ்: இவ்வளவே பெரிய கேமரா. நெகடிவுக்குப் புகைப்படத் தாளையே இட்டுப் பழகுவோர் இன்று உலகெங்கும் உள்ளனர். கப்பலூர்ப் பட்டறையில் இதைச் செய்யத் தெரியாத கைகளா இல்லை? செய்து, சாலையோரம் முக்காலியில் நிறுத்தி, உச்சியில் சிக்கந்தர் தர்காவுள்ள அந்த மலையை நம் பிள்ளைகளில் ஒருவர் எடுக்கட்டும். முன்னால் ஆடு மேய்ப்பவர் கடந்து போனால், கொஞ்சம் நில்லுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டு எடுக்கட்டும்.