ஷைலாக்கைப் படைத்தவர் யார்?

ஷேக்ஸ்பியர் மகாகவி என்பதில் நமக்கு ஐயமில்லை. அவருடைய 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' எனத் தமிழாக்கித் தந்தார். ஆகவே, கடனுக்கு ஈடாக ஒரு ராத்தல் மாமிசம் கேட்கும் யூதன் ஷைலாக்கின் கதை தமிழருக்கும் புதிதன்று. ஆனால், அந்நாளில் லண்டன் அரங்கில் அவனைக் கண்டு நகைத்த ஜனங்கள், தம் வாழ்நாளில் ஒரு யூதனையேனும் அறிந்திருந்தனரா?

பெரும்பாலோர் அறிந்திலர். 1290ல் முதலாம் எட்வர்ட் மன்னன் யூதர் அனைவரையும் இங்கிலாந்தினின்று துரத்தினான். 1656ல்தான் அவர்கள் மீண்டும் பகிரங்கமாகக் குடியேற வழி பிறந்தது. நாடகமோ 1596, 1597ஆம் ஆண்டுகளை ஒட்டி எழுந்தது. மறைவாய் வாழ்ந்த சிலரைத் தவிர யூதரே இல்லாத நாட்டில் யூத வெறுப்பு மட்டும் வாடாமல் நின்றதெங்ஙனம்?

அதன் வேர் பழையது. 1144ல் நார்விச் நகரில் ஒரு சிறுவன் இறந்துகிடக்க, யூதர் அவனைப் பலியிட்டனர் என்ற பொய் பிறந்தது. 1190ல் யார்க் நகரக் கோட்டையில் அடைக்கலம் புகுந்த யூதர் சுமார் 150 பேர் மாண்டனர். 1255ல் லிங்கன் நகரில் மற்றொரு சிறுவன் இறக்க, அதே பொய்யின்பேரில் 19 யூதர் தூக்கிலிடப்பட்டனர்.

யூதர் வட்டி வாங்கினர் என்பது மற்றொரு பழி. கைத்தொழிற் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. கிறிஸ்தவர் வட்டி வாங்கலாகாதெனத் திருச்சபை தடுத்தது. ஆகவே அத்தொழில் யூதர் தலையில் விழுந்தது. அவர்கள் ஈட்டியதை மன்னர்கள் வரியாகக் கறந்தனர். 1275ல் அத்தொழிலையும் சட்டத்தால் தடுத்தனர். ஏனைய வாசல்களை அடைத்துவிட்டு, எஞ்சிய ஒரு வாசலில் நிற்பதைக் குற்றமென்பது என்ன நியாயம்?

யூதர் போயினர், பொய் போகவில்லை. அதனைக் காத்தது இலக்கியம். நாடு கடத்தல் நிகழ்ந்து ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய சாஸர், 'கான்டர்பரி கதைக'ளில் கன்னிமடத் தலைவி ஒருத்தியின் வாயிலாக அதே பலிக் கதையைச் சொல்லி, லிங்கன் சிறுவனையும் நினைவூட்டினார். ஷேக்ஸ்பியர், யூதனுக்கும் உடலும் நோவும் உண்டென்று ஷைலாக்கையே பேசவைத்தார். அது அவர் பெருமை. ஆயினும், முடிவில் அவனைக் கட்டாயமாக மதம் மாற்றுவதைக் கருணையெனக் காட்டினார். அது நாடகத்தின் குறையே என்போம்.

இக்குறைக்கு மருந்து உண்டென்று காட்டியவர் டிக்கன்ஸ். அவர் 1837 முதல் 1839 வரை வெளியிட்ட 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில், திருடர் தலைவன் ஃபாகினைப் பெயரால் அழைப்பதினும் 'யூதன்' என்றே மிகுதியும் அழைத்தார். 1863ல் எலிசா டேவிஸ் என்னும் யூத மாது இதனைக் கண்டித்துக் கடிதம் வரைந்தார். டிக்கன்ஸ் முதலில் தம் செயலுக்குச் சமாதானம் கூறினார். ஆயினும் அடுத்த நாவலில் ரியா என்னும் நல்ல யூதரைப் படைத்தார். 1867ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல்லைப் பல இடங்களில் நீக்கவும் செய்தார்.

லிங்கன் பேராலயம் அப்பலிக் கதையைப் பொய்யென எழுதிவைத்தது 1955ல்தான்; 700 ஆண்டுகள் சென்றன! ஷைலாக்கை நாம் தள்ள வேண்டுவதில்லை. படிப்போம்; அவனை அவ்வாறு ஆக்கிய தேசத்தின் சரித்திரத்தையும் உடன்வைத்தே படிப்போம். பிறப்பால் ஒரு கூட்டத்தாரை இழிந்தோரெனக் கூறும் நூல் எம்மொழியில் இருப்பினும், அதனையும் அவ்வாறே படித்தல் அறிவுடையார் கடன்.