இரட்சணிய யாத்திரிகத்தில் வழியும் துணையும்

தமிழில் சமயக் காப்பியங்களுக்குக் குறைவில்லை. கிறிஸ்தவ சமயம் தமிழுக்கு அளித்த காப்பியங்களுள் வீரமாமுனிவரின் தேம்பாவணியும், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் முன்வரிசையில் நிற்பவை. பின்னதைப் பற்றி எழுதுவோர் ஆசிரியருக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பட்டத்தைச் சூட்டி, உவமை நயங்கள் சிலவற்றை எடுத்துக்காட்டி, அத்துடன் மனநிறைவு கொண்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. நயங்களை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு சமயக் காப்பியம் தன் சமயத்தின் உயிர்நிலையான கேள்வியை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று பார்ப்பதும் திறனாய்வின் கடமை அல்லவா?

அக்கேள்வி இதுதான்: கிறிஸ்துவைப் பின்பற்றுதல் தனியொருவன் தன் ஆன்மாவுக்காகச் செய்யும் முயற்சியா, அல்லது பலர் கூடி வாழும் வாழ்வா? இரட்சணிய யாத்திரிகத்தைத் தனி ஆன்மாவின் மோட்சப் பயணமாகவே பலரும் படித்து வந்துள்ளனர். அந்நூலின் நடுநாடி துணைமையே என்பது நம் கருத்து. அதை இங்கே நிறுவ முயல்வோம். நூலில் நமக்குக் குறையாகத் தோன்றுவதையும் மறைக்காமல் கூறுவோம்.

நூலும் ஆசிரியரும்

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியேற்ற பின்னர்க் கிறிஸ்தவ சமயத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கில அறிஞர் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட பில்கிரிம்ஸ் பிராகிரஸ் என்னும் உரைநடை உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், நற்போதகம் என்னும் இதழில் பல்லாண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள் கொண்டது. பருவம் என்பது பாரத மரபு. அதனுள் படலம் என்று வகுத்தது கம்பர் மரபு. வந்த பொருள் புதிது. வைத்த கலம் நம்முடையது.

மூலநூலாசிரியர் பன்யனைப் பற்றியும் ஒரு செய்தி நினைவில் கொள்ளத்தக்கது. அவர் 1660 முதல் 1672 வரை பெட்போர்டு நகரில் சிறையிருந்தார். அரசின் அனுமதி பெறாத ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில் போதித்ததே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். கூடியதற்காகச் சிறை சென்றவர் எழுதிய கதையைத் தனிமையின் கதை என்று நாம் படித்து வருவது விந்தையே.

முன் நடந்தவர்

பின்பற்றுதல் என்னும் சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பின்பற்ற வேண்டுமானால் முன்னே ஒருவர் நடந்திருக்க வேண்டும். தம்மைப் பின்பற்ற விரும்புகிறவன் தன்னையே மறுத்து, நாள்தோறும் தன் சிலுவையைச் சுமந்துகொண்டு வரவேண்டும் என்பது லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இயேசுநாதர் விதிக்கும் நிபந்தனை. நாள்தோறும் என்பது கருதத்தக்கது. ஒருநாள் வீரத்தை அவர் கேட்கவில்லை.

பன்யன் கதையில் சிலுவை வழியோரத்தில் நிற்கிறது. அதைக் கண்டதும் யாத்திரிகனின் முதுகுச் சுமை தானே கழன்று விழுகிறது. அச்சிலுவையில் நிகழ்ந்தது என்ன என்று அவர் விரித்துரைக்கவில்லை. அவருடைய வாசகர்களுக்கு அது தொட்டில் பருவம் முதல் தெரிந்த செய்தி. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இயேசுநாதரின் பாடுகளைக் காப்பியப் பொருளாகவே எடுத்து விரிக்கிறார். கட்டுண்டு நின்ற நிலையும், பழிப்போர் நடுவே அவர் காத்த மௌனமும், கண்டோர் நெஞ்சுருகியதும் அங்கே நம் கண்முன் வருகின்றன. இது மூலத்தைவிட்டு விலகிய மிகையன்று. தமிழ் வாசகனுக்கு வழியைக் காட்டுமுன், வழி நடந்தவரைக் காட்ட வேண்டும் என்று கவிஞர் கருதியதன் விளைவு. மொழிபெயர்ப்பாளராக நில்லாமல் அவர் காப்பியக் கவிஞராக உயரும் இடம் இதுவே எனலாம்.

வழியில் கிடைக்கும் துணை

மூலக்கதையின் தொடக்கத்தில் யாத்திரிகன் தனியன். மனைவி மக்கள் அழைக்கவும், காதுகளில் விரலிட்டுக்கொண்டு ஓடுகிறான். வாயிலை அடையும்போதும் தனியன். ஆனால் அதன்பின் கதை எவ்வாறு செல்கிறது என்று உற்று நோக்குவோம்.

மலைமேல் அமைந்த மாளிகையில் அவனை வரவேற்று, விசாரித்து, உணவளித்து, உறங்கச் செய்து, படைக்கலம் பூட்டி அனுப்புகிறார்கள். அம்மாளிகை திருச்சபையின் உருவகம் என்று அறிஞர் கொள்வர். அங்கே அவனுக்குப் பூட்டிய கவசமே, அடுத்த பள்ளத்தாக்கில் பகைவனை எதிர்க்கும்போது உயிர் காக்கிறது. பின்னர் மரண இருட்பள்ளத்தாக்கில் கையை நீட்டினால் கை தெரியாத இருளில் நடக்கும்போது, முன்னே யாரோ ஒருவர் இறைவனைத் துதித்துக்கொண்டே செல்லும் குரல் கேட்கிறது. ஆளைக் காணமுடியவில்லை, குரல் மட்டுமே. இந்த இருளில் நமக்கு முன்னும் ஒருவர் நடக்கிறார் என்ற அறிவே அவனுக்குத் தெம்பாகிறது.

பொழுது விடிந்தபின் முன்னே செல்பவனைக் காண்கிறான். தமிழ்க் காப்பியம் அவனுக்கு இட்ட பெயர் நிதானி. யாத்திரிகன் விரைந்தோடி அவனை முந்திவிடுகிறான்; முந்திவிட்டோம் என்று செருக்கோடு சிரிக்கிறான்; உடனே இடறி விழுகிறான். நிதானி வந்து கைகொடுக்கும்வரை அவனால் எழ முடியவில்லை. இச்சிறு நிகழ்ச்சியில் திருச்சபை வாழ்வின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆன்மிக வழியில் முந்துவது என்று ஒன்று இல்லை. யாரை முந்தினோமோ அவரே நம்மைத் தூக்கிவிட வேண்டியவர்.

மாயாபுரியில் நிதானி உயிர்ப்பலியாகிறான். அவன் சாவைக் கண்டு மனம் மாறிய ஒருவன், நம்பிக்கை என்னும் பெயரினன், யாத்திரிகனோடு சேர்கிறான். ஒரு துணை மறைந்த இடத்திலேயே மறுதுணை முளைக்கிறது. இறுதியில் பாலமில்லாத மரண ஆற்றைக் கடக்கும்போது, இத்தனை போர் கண்ட யாத்திரிகனே அஞ்சி மூழ்குகிறான். பின்னால் வந்து சேர்ந்த துணைவன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். வாயிலில் தனியாக நுழைந்தவன் ஆற்றைத் தனியாகக் கடக்கவில்லை. நூலின் கருத்தை நாம் சுருக்கிச் சொல்வதானால் இதுவே.

தமிழ் மரபின் துணை

இக்கருத்து தமிழருக்குப் புதிதன்று. அதனாலேயே கிருஷ்ணபிள்ளையின் கையில் அது வேர்பிடித்தது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதை ஆற்றுப்படை என்று தனி இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள் நாம். புரவலனிடம் ஆற்றுப்படுத்தியதோடு நில்லாமல், திருமுருகாற்றுப்படையில் இறைவனிடமும் ஆற்றுப்படுத்தினோம். அடியாரை வணங்குதல் ஆண்டவனை வணங்குதலின் வேறன்று என்பதைச் சுந்தரரின் திருத்தொண்டத்தொகையும் சேக்கிழாரின் பெரிய புராணமும் நிலைநாட்டின. அடியார்க்கு அடியாராதலை நம்மாழ்வார் பாடினார். தொண்டரடிப்பொடி என்று தமக்குப் பெயரே வைத்துக்கொண்டார் ஓர் ஆழ்வார். வைணவக் குடியில் பிறந்த கவிஞர் இந்தச் செல்வத்தைப் பழைய வீட்டில் போட்டுவிட்டு வரவில்லை. தம் காப்பியத்தினிடையே தேவாரம் என்ற பெயரிலேயே பக்திப் பாடல்களை அமைத்தார். அவருடைய பாடல்கள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பலர் கூடிப் பாடும் பாடல்களாக வாழ்கின்றன.

கம்பனிடமிருந்தும் அவர் பெற்றது ஓசை மட்டுமன்று. அயோத்தியை விட்டுச் செல்லும் இராமன் உறவை இழப்பதற்கு மாறாகப் பெருக்கிக்கொள்கிறான். கங்கைக்கரையில் வேடனும், மலையில் வானரனும், கடற்கரையில் அரக்கனும் அவனுக்குத் தம்பியராகின்றனர். வீட்டைவிட்டு வெளியேறியவனுக்கு வழியே குடும்பத்தைத் தருகிறது என்னும் இந்தக் கம்பன் காட்சி, யாத்திரிகத்தைப் படிக்கும்தோறும் நம் நினைவுக்கு வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களைக் குறிக்கத் தமிழ் விவிலியம் ஆளும் மார்க்கம் என்ற சொல்லும் எவ்வளவு பொருத்தமானது! நம் மொழியில் மார்க்கம் என்றால் சமயம். மார்க்கம் என்றால் வழி. வழி என்றாலோ வழிப்போக்கர் பலர்.

இரண்டு குறைகள்

இனி, நமக்குப் படும் குறைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கிருஷ்ணபிள்ளை தழுவிக்கொண்டது பன்யன் கதையின் முதற்பாகத்தை. 1684இல் பன்யன் இரண்டாம் பாகம் ஒன்றை வெளியிட்டார். விட்டுச் செல்லப்பட்ட மனைவி தன் நான்கு புதல்வரோடும் ஒரு தோழியோடும் அதே வழியில் புறப்படும் கதை அது. போகப் போகக் கூட்டம் பெருகுகிறது. ஊன்றுகோல் கொண்டு நடப்பவரும், நெஞ்சுரம் குன்றியவரும், எதற்கும் அஞ்சும் பெண்ணும் சேர்ந்துகொள்கின்றனர். வழித்துணையாக வரும் வீரன், வலுவில்லாதவரை விட்டுவிட்டு நடப்பதில்லை. அவர்களுடைய நடைக்குத் தன் நடையைத் தாழ்த்திக்கொள்கிறான். உடலில் நலிந்ததாகத் தோன்றும் உறுப்பே மிகவும் வேண்டப்படுவது என்று பவுலடியார் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதன் கதைவடிவம் அது. முதற்பாகத்தில் துணைமை வல்லவர் இருவருக்கிடையே நிகழ்கிறது; இரண்டாம் பாகத்திலேதான் அது சபையாகிறது. காதில் விரலிட்டு ஓடிய ஓட்டத்துக்கு அதுவே கழுவாயும் ஆகிறது. இப்பகுதியையும் நம் கவிஞர் பாடியிருப்பாரேல், பெண்டிரும் பிள்ளைகளும் நொண்டியரும் நடக்கும் காப்பியம் ஒன்று தமிழுக்குக் கிடைத்திருக்கும். அந்த இழப்பு நம்முடையது.

இரண்டாவது, உருவகக் கதை என்னும் வடிவத்தோடு பிறந்த குறை. நிதானிக்கும் நம்பிக்கைக்கும் சாதி கிடையாது. பண்புகளுக்கு எப்படிச் சாதி இருக்கும்? ஆனால் நூல் பிறந்த மண்ணில், வழியில் சேரும் துணைவன் ஏதேனும் ஒரு சாதிக்காரனாகவே இருந்தான். தென்னாட்டுச் சபைகளில் சாதிவேறுபாடு கூடாது என்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. அதற்கு முன்பே, தஞ்சையின் பெரும் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், சாதி வழக்கத்தில் மிஷனரிமார் கைவைப்பதை எதிர்த்து எழுதினார். தனி இருக்கை, தனிக் கல்லறை என்ற சிறுமைகள் தமிழகச் சபைகளில் நெடுங்காலம் தொடர்ந்தன. முற்றிலும் ஒழிந்துவிட்டன என்று இன்றும் யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. உருவகத்தில் ஒருவன் மற்றவனுக்குக் கைகொடுப்பது எளிது. ஊரில் கைகொடுப்பதே சிலுவை. நூலைப் புகழ்ந்தவர்கள் இந்த இடத்தை மெல்லக் கடந்துவிட்டார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு. கவிஞரைவிட வாசகரையே இது மிகுதியாகச் சாரும்.

அசனப் பந்தி

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகை நாள்களில் அசனம் என்றொரு பொதுவிருந்து உண்டு. வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் வரும். ஒரே அடுப்பில் சோறாகும். எல்லாரும் ஒரே பந்தியில் உண்பர். அடுப்பில் உலையேற்றும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென எடுத்து வைக்கும் வழக்கமும் அங்குண்டு. எருசலேமின் முதல் விசுவாசிகள் உடைமையைப் பொதுவாக்கி, வீடுகள்தோறும் அப்பம் பிட்டு உண்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுவதன் தமிழ்க் கிராமத்து வடிவம் இவை. எவர் பொங்கினாலும் எவரும் உண்பர், எவர் அருகிலும் எவரும் அமர்வர் என்றால் அது சபை. அப்படியில்லையேல் அது வெறும் சாப்பாடு.

தலைநகருக்கு மாற்றலாகி வந்த புதிதில் நாம் குடியிருந்த அரசுக் குடியிருப்பில், அடுத்த வீட்டார் நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பத்தினர். அவ்வீட்டு அம்மையார் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த நாள்களில், தமிழ் ஆராதனைக்குக் கூடும் சிறு கூட்டத்தார் முறைவைத்துக்கொண்டு சோறு கொண்டுவந்ததைக் கண்டோம். டிசம்பர்க் குளிரில் இரண்டு பேருந்து மாறி, துணியில் சுற்றிய தூக்குப் பாத்திரத்தோடு படியேறி வந்தவர்களுள் பலர் அக்குடும்பத்துக்கு ஊராலும் உறவாலும் அயலார். அந்தப் பாத்திரத்தில் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒரு பங்கு இருந்தது. இரட்சணிய யாத்திரிகத்தை நாம் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்திருந்தோம். அதன் பொருளைப் படித்தது அப்படிக்கட்டில்தான்.

ஊரைவிட்டு வந்த நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு புகைவண்டி நிலையத்தில் தனியராக இறங்கியவர்களே. முன்னே வந்த ஒருவர் முகவரி தந்தார். ஒருவர் வாடகை வீடு காட்டினார். ஒருவர் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்பித் தந்தார். அவர்கள் எச்சமயத்தவர், எக்குலத்தவர் என்று அன்று நாம் கேட்கவில்லை. வேரூன்றிய பின்னரே கேட்கத் தொடங்கினோம். ஆகவே இந்தக் காப்பியம் கிறிஸ்தவ அன்பர்களிடம் கேட்கும் கேள்வி, நம் சங்கத்து வாயிலிலும் நிற்கிறது. நாம் முந்திச் சென்றவர் யார்? விழும்போது நமக்குக் கைகொடுக்கப் போகிறவர் யார்?

நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் இரட்சணிய யாத்திரிகத்தை எடுத்துப் படியுங்கள். இயலுமானால் தனியாகப் படிக்காதீர்கள். நான்கு குடும்பங்கள் கூடி, ஞாயிறு மாலையில், ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும்படி படியுங்கள்.